டப்பாவைக் கழற்றுவதற்கு முன்னால்

போன மாதம் அவிநாசிப் பக்கமிருந்து போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் திருப்பூரில் இருக்கும் என் கடைக்கு வந்தார். மஞ்சப்பைக்குள் துண்டு சுற்றிய ஹார்ட் டிஸ்க். "தம்பி, சீர் போட்டோ, கல்யாண போட்டோ எல்லாம் இதுலதானுங்க இருக்குது. கம்ப்யூட்டர்ல மாட்டினா ஃபார்மேட் பண்ணலாமான்னு கேக்குதுங்க" என்றார்.

எட்டு வருடமாக மேசைமேல் தனி அடாப்டரோடு ஓடிய எக்ஸ்டர்னல் டிஸ்க். யுஎஸ்பி சாக்கெட் ஆட்டம் கண்டதும், டப்பாவை நெம்பித் திறந்து, உள்ளிருந்த டிஸ்க்கை எடுத்து டெஸ்க்டாப்பில் சாட்டா கேபிளில் (மதர்போர்டோடு டிஸ்க்கை நேரே இணைக்கும் கேபிள்) மாட்டிவிட்டார். யோசனை தப்பில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண மூன்றரை இஞ்ச் சாட்டா டிஸ்க்தான். பழைய யுஎஸ்பி 2.0-இல் நொடிக்கு 30, 40 எம்பி என்று நகர்ந்தது, நேரே மாட்டினால் 100-ஐத் தாண்டி ஓடும். நானே பலருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அவர் போட்டோக்களை வேறெங்கும் காப்பி எடுக்காமல் கழற்றிவிட்டார்.

"உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பச்சை போர்டு இருந்திருக்குமே, அது எங்கண்ணா?"

"அது எதுக்குங்க? பழைய சாமானோட போட்டு வெச்சிருக்குது. இரும்புக்காரர் சனிக்கிழமைதான் வருவாரு."

அன்று வியாழன். நல்ல நேரம்.

டப்பா வெறும் உறை, போர்டு வெறும் கனெக்டர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். டிஸ்க்கில் எழுதுவதும் படிப்பதும் அந்தப் போர்டு வழியாகத்தான். சில மாடல்களில் நாம் பாஸ்வேர்டே வைக்காவிட்டாலும் அந்தப் போர்டிலிருக்கும் சிப் எல்லாவற்றையும் சங்கேதமாக்கிப் பூட்டிதான் எழுதும். போர்டு இல்லாமல் மாட்டினால் விண்டோஸுக்குத் தெரிவது வெறும் குப்பை. பூட்டு இல்லாத மாடலிலும் இன்னொரு சிக்கல் உண்டு. எக்ஸ்பி காலத்து விண்டோஸ் பெரிய டிஸ்க்கைப் படிப்பதற்காக, 2 டிபிக்கு மேற்பட்ட பல டப்பாக்களில் போர்டு ஒரு செக்டாரை, அதாவது டிஸ்க்கின் மிகச் சின்னக் கட்டத்தை, 4096 பைட் என்று கணக்குக் காட்டும். நேரே மாட்டினால் அதே டிஸ்க் 512 பைட் என்று சொல்லும். கணக்கு மாறினால் பார்ட்டிஷன் (ஃபைல்கள் இருக்கும் பகுதி) எங்கே தொடங்குகிறது என்றே விண்டோஸுக்குத் தெரியாது. 'ரா' (RAW, அமைப்பு புரியாத டிஸ்க்) என்று காட்டிவிட்டு, ஃபார்மேட் பண்ணவா என்று கேட்கும். போட்டோ அழிந்துவிடவில்லை. வழிதான் மாறிப்போயிருக்கிறது. அந்த இடத்தில் 'ஆம்' கொடுத்தீர்களோ, அப்புறம் ரெக்கவரிக்காரரிடம்தான் போக வேண்டும்.

அண்ணன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் போர்டை எடுத்து வந்தார். சாக்கெட்டின் கால்களில் சால்டர் விட்டிருந்தது. புதுசாக ஈயம் வைத்து, டிஸ்க்கில் மாட்டி, அடாப்டர் கொடுத்தோம். ஃபோல்டர்கள் வரிசையாக வந்தன. முதலில் வேறொரு டிஸ்க்குக்குக் காப்பி. மீதி எல்லாம் அதற்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டேன்.

காப்பி ஓடிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டது: "ஏனுங்க, சில டிஸ்க்கு மாட்டினா சுத்தவே மாட்டேங்குதாமே?" ஆமாம். புதிய டிஸ்க்குகள் சிலவற்றில் பவர் கனெக்டரின் மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் வந்தால் அணைந்தே இருக்கும். கம்ப்யூட்டருக்குள் பவர் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டிகள் பல அந்த வோல்டேஜைக் கொடுக்கின்றன. டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். மொபைல் சர்வீஸ் கடையில் கிடைக்கும், சூடு தாங்கும் அந்த மஞ்சள் டேப்பைத் துண்டாக வெட்டி மூன்றாவது பின் மேல் மட்டும் ஒட்டினால் எழுந்துவிடும். பழைய நாலு பின் கனெக்டரிலிருந்து மாற்றும் ஒயரும் வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவு ஒயரை வாங்காதீர்கள். உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்ததுண்டு.

சட்டைப்பையில் போகும் சின்ன டிஸ்க்குகளைத் திறக்காமல் இருப்பதே மேல். பலவற்றில் யுஎஸ்பி சாக்கெட்டை டிஸ்க்கின் சொந்தப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், சாட்டாவே கிடையாது. கிடைத்தாலும் அவை பெரும்பாலும் மெதுவாக எழுதும் ரகம். விண்டோஸ் போட்டு ஓட்ட வேண்டாம். 2005 வாக்கில் வாங்கிய டப்பா என்றால் உள்ளே சாட்டாவுக்கு முந்தைய ஐடிஇ ரக டிஸ்க்கும் இருக்கலாம், அதற்கு இன்றைய மதர்போர்டில் இடமே இல்லை.

கேபினெட்டில் மாட்டும்முன் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மென்பொருளில் ஒரு பார்வை போதும். கெட்டுப்போன செக்டார்களைச் சொல்லும் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்றும் பூஜ்யமானாலும் பழைய டிஸ்க் பழைய டிஸ்க்தான், ஒரே காப்பியை அதில் வைக்காதீர்கள். தறிப் பட்டறைக்கு அருகில் வைக்கும் கேபினெட்டுகளைப் பார்த்தால் ஃபேனிலேயே பஞ்சு பந்தாகச் சுற்றியிருக்கும். காற்று போகாமல் டிஸ்க் கொதிக்கும். மூடின பெட்டியில் பெரிய டிஸ்க்கைச் சேர்ப்பதற்கு முன் அந்தப் பஞ்சைத் துடையுங்கள், ஆட்டமில்லாமல் நாலு ஸ்க்ரூவும் போடுங்கள். இரண்டு ஸ்க்ரூவில் தொங்கும் டிஸ்க் ஓசை போடும்.

அண்ணனுடைய டிஸ்க்கில் சி5 வரியில் 16 இருந்தது. படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள். கல்யாண போட்டோக்களை இரண்டு புது டிஸ்க்குகளில் ஒவ்வொரு காப்பியாக வைத்துக்கொண்டார். காப்பி சரியாக வந்ததை ஒரு மாதம் பார்த்துவிட்டு, பழசை ஃபார்மேட் பண்ணி, போனாலும் கவலையில்லாத பாட்டுக்கும் படத்துக்கும் மட்டும் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாம் என்றேன். "போர்டு வேணுமுங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு மாதம் கழித்து இரும்புக்காரருக்குப் போடச் சொன்னேன்.