ஆச்சி ஏன் சத்தமாகப் பேசுகிறார்?

காரைக்குடியில் என்னிடம் பெரியவர்களை அழைத்து வருகிறவர்கள் முதலில் காதைப் பற்றிச் சொல்வதில்லை. “ஆச்சி இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் கத்துறாக” என்றுதான் ஆரம்பிப்பார்கள். வயதாகிவிட்டது, கோபம் கூடிவிட்டது என்று வீட்டிலேயே முடிவும் கட்டியிருப்பார்கள். சோதித்துப் பார்த்தால் பல சமயம் காது நரம்பு தளர்ந்திருக்கும்.

நாம் பேசும்போது மூளையின் இயக்கப் பகுதி நாக்கு, உதடு, குரல்வளைக்குக் கட்டளை அனுப்புகிறது. அதே நேரத்தில், என்ன ஒலி வரப்போகிறது என்று கேட்டல் பகுதிக்கும் முன்கூட்டியே தகவல் போகிறது. வந்த ஒலி அதோடு ஒத்துப்போனால் சரி. மாறினால் உடனே திருத்தம் நடக்கும், நமக்குத் தெரியாமலேயே. கல்யாண வீட்டு வளவில் மேளம் முழங்கும்போது குரல் தானாக உயர்வது இதனால்தான். பிரெஞ்சு மருத்துவர் லொம்பார்ட் 1911-இலேயே இதை எழுதிவைத்தார்.

நம்பாத மகன்களுக்கு ஹெட்போன் மாட்டி, செய்தித்தாளை வாசிக்கச் சொல்வேன். அவர்கள் குரலையே ஐந்தில் ஒரு நொடி தாமதமாகக் காதில் விடுவேன். கொஞ்ச நேரத்திலேயே பலருக்கு வார்த்தை இழுபடும், எழுத்து இரட்டிக்கும். சிலர் வாசிப்பதையே நிறுத்திவிடுவார்கள். நாக்கில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ஆச்சியைக் கோபக்காரி என்று அவர்கள் சொல்வதில்லை.

பல வருடம் பேசிப் பழகிய வாய் என்பதால், காது மந்தமானதும் பேச்சு குலைந்துவிடாது. முதலில் சத்தத்தின் அளவு தவறும்: தன் குரல் தனக்கே குறைவாகக் கேட்பதால், தெரியாமலேயே கூட்டிப் பேசுவார்கள். கேட்காமலே ரொம்ப நாள் போனால் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகள் மழுங்கும். நடுக்காதில் அடைப்பு என்றால் நேர்மாறாக, மெதுவாகப் பேசுவார்கள். சொந்தக் குரல் எலும்பு வழியே அவர்களுக்குப் பெரிதாகக் கேட்கும்.

காது மெஷின் வாங்கிய புதிதில், “என் குரலே எனக்குக் கத்துது” என்று கழற்றி அலமாரியில் வைத்துவிடுவார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான். மூளை அந்தக் குரலுக்குப் பழகச் சில வாரங்கள் வேண்டும். தினமும் மெஷினோடு கொஞ்ச நேரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அப்படியும் உறுத்தினால் அளவை மாற்றித் தரலாம், திரும்பக் கூட்டி வாருங்கள்.

குழந்தைகளுக்குக் காத்திருக்கவே கூடாது. பத்து மாதமாகியும் ‘பாபா’, ‘மாமா’ என்று மழலை வராவிட்டால் காதைச் சோதித்துவிடுங்கள்.

அப்புறம், நேற்றுவரை நன்றாகப் பேசியவருக்குத் திடீரென்று நாக்குக் குழறினால் அது காது விஷயம் இல்லை, பக்கவாதமாக இருக்கலாம். என்னிடம் வர வேண்டாம்; உடனே 108-ஐ அழையுங்கள்.