மசகு: துப்பாக்கிக்கு இடும் எண்ணெய்க்குத் தமிழில் என்ன பெயர்?

மாட்டுவண்டி ஓட்டிய வீடுகளில் மசகு என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. வைக்கோலைக் கருக்கிய கரியை விளக்கெண்ணெயில் குழைத்து அச்சில் அப்புகிற கறுப்புப் பசை அது. வண்டி மை என்றும் சொல்வார்கள். மை என்ற பொருள் தரும் மசி என்ற சொல்லோடு இதற்கு உறவு இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. நிறமும் ஒத்துப்போகிறது.

வண்டி போய் மோட்டார் வந்ததும், அச்சு மைக்கு இருந்த பெயர் எண்ணெய்க்கும் ஏறியது. லூப்ரிகண்ட் என்பதற்கு மசகு எண்ணெய் என்று எழுதத் தொடங்கினார்கள். இதில் ஒரு சிக்கல். இலங்கைச் செய்திகளில் 'மசகு எண்ணெய் விலை உயர்வு' என்று வந்தால் அது கச்சா எண்ணெய். இயந்திரத்துக்கு விடுவதை அங்கே உராய்வு நீக்கி என்பார்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் உயவு என்ற சொல்லும் உண்டு. உயவுப் பொருள், உயவு எண்ணெய் என்பதெல்லாம் அந்த வழியில் வந்தவை. லூப்ரிகண்ட் லத்தீன் வேரில் 'வழுக்குகிற' என்ற பொருள் கொண்டது. கிரீஸ் 'கொழுத்த, தடித்த' என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எல்லாவற்றையும் 'ஆயில்' என்று ஒரே சொல்லில் அடக்குவதுதான் இங்கே குழப்பம். துப்பாக்கிக்கு மூன்று வேலைகள் ஆக வேண்டும்: வெடிமருந்துக் கரியைக் கரைத்து எடுப்பது, உரசும் பாகங்களை வழுக்கவிடுவது, இரும்பைத் துருவிலிருந்து காப்பது. மசகு என்பது இதில் நடுவில் உள்ளது மட்டும்தான். மூன்றையும் ஒரே புட்டியில் தரும் எண்ணெய்க்கு அமெரிக்க ராணுவம் தனியாகத் தரக்குறிப்பே வகுத்தது. அதைத்தான் சிஎல்பி (க்ளீனர், லூப்ரிகண்ட், ப்ரிசர்வேட்டிவ்) என்கிறார்கள். தமிழில் முப்பயன் எண்ணெய் என்று சொல்லிவிடலாம்.

பலர் வீட்டில் இருக்கும் டபிள்யூடி-40ஐயே அடித்துவிடுகிறார்கள். 1953இல் சான் டியேகோவில் ஈரத்தை விரட்டுவதற்காகச் செய்யப்பட்டது அது. பெயரிலேயே அந்த விவரம் இருக்கிறது: நீரை வெளியேற்றும் கலவை, நாற்பதாவது முயற்சி. நனைந்த துப்பாக்கிக்கு முதலுதவியாக உதவும். நின்று வேலை செய்யும் மசகாக அதை நம்ப முடியாது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். விளக்கெண்ணெய் நாளாக நாளாகப் பிசினாகும். வண்டி அச்சுக்குச் சரி, துப்பாக்கி விசைக்கு ஆகாது.

பிரிட்டிஷ் படையில் ரங்கூன் ஆயில் என்று ஒன்று இருந்தது. பர்மாவின் பெட்ரோலியத்திலிருந்து எடுத்ததால் அந்தப் பெயர். அவர்களுடைய .303 லீ-என்ஃபீல்டு துப்பாக்கியின் பின்கட்டையில் ஒரு சின்னப் பித்தளைக் கதவு உண்டு. அதைத் திறந்தால் உள்ளே குழலுக்குள் துணியை இழுத்துத் துடைக்கும் 'புல்-த்ரூ' கயிறும் எண்ணெய்க் குப்பியும் இருக்கும். குப்பியின் மூடியைத் திருகி எடுத்தால் அதோடு ஒட்டிய மெல்லிய கரண்டி ஒன்று வெளியே வரும். அதன் நுனியில் நிற்கும் துளிதான் ஓரிடத்துக்கான அளவு. அந்தக் கரண்டியைப் பார்த்தாலே எவ்வளவு எண்ணெய் போதும் என்று தெரிந்துவிடும். ஆனால் எண்ணெயால் எல்லாம் ஆகிவிடாது. அந்தக் காலத் தோட்டாக்களின் பிரைமர், அதாவது அடிப்பக்கத்தில் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி, சுட்டபிறகு குழலில் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பைப் படியவிடும். உப்பு எண்ணெயில் கரையாது. அதனால்தான் சுட்டதும் குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவினார்கள், காயவைத்த பிறகே எண்ணெய் போட்டார்கள். பழைய ராணுவத் தோட்டா பயன்படுத்துகிறவர்களுக்கு இன்றும் இதுதான் முறை.

தேர்வு என்று பார்த்தால், முன்பின் சறுக்கும் பாகங்களுக்கு மெல்லிய கிரீஸ் நிற்கும், சின்ன அச்சுகளுக்கு லேசான கனிம எண்ணெய் போதும். புழுதி அதிகமுள்ள இடத்தில் எண்ணெயைக் குறைக்க வேண்டும், மண் அதில் ஒட்டி அரைக்கும் பசையாகிவிடும். கடுங்குளிரில் கெட்டியான எண்ணெய், பிரைமரை அடிக்கும் ஊசியின் வேகத்தையே குறைத்துவிடும், தோட்டா வெடிக்காமல் போகலாம். சேம்பரில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் குழியில், எண்ணெய் தேங்கக் கூடாது. குழலில் காப்புக்குப் போட்டதைச் சுடுவதற்கு முன் உலர்ந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். தோட்டா மேல் ஒரு துளியும் படக் கூடாது, கசிந்தால் பிரைமர் கெடும்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி, சேம்பரை மூடும் போல்ட்டைத் திறந்து, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்ப்பது. நீங்கள் வேலை செய்யும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்கக் கூடாது. கரைப்பான் என்றால் ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை இருக்கட்டும். துப்பாக்கியின் மரக்கட்டைக்கு ஆளிவிதை எண்ணெய் தடவிய துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

எழுதும்போது என் கணக்கு இது: உரசும் இடத்துக்கு மசகு, குழலுக்குத் துருக்காப்பு எண்ணெய், கரியை எடுப்பதற்குக் கரைப்பான். இலங்கை வாசகருக்கு எழுதினால் மசகுக்குப் பதில் உராய்வு நீக்கி. கடையில் மட்டும் 'கன் ஆயில்' என்றே கேளுங்கள். மசகு என்று கேட்டால் லாரிக்குப் போடும் கிரீஸ் டப்பாவைத்தான் எடுத்து வைப்பார்கள்.