ஐந்து பல்புகளும் இரண்டு நிமிடப் பேச்சும்

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் போய் டார்ச் பல்பு கேட்டால் கடைக்காரர் முதலில் எல்.இ.டி.யைத்தான் எடுத்து நீட்டுவார். "இது வேண்டாம்ணா, உள்ளே கம்பி இருக்குமே, அந்தப் பழைய பல்பு" என்றதும் உள்ளே போய்த் தேடி, ஒரு டப்பாவைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். ஒரு டஜன் வாங்கினேன். வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேட்பதற்காக.

இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு அடிப்படை மின்னியல் எடுக்கிறேன். அறுபது பேர் உள்ள வகுப்பு. முதல் சில வருடங்கள் எல்லோரையும் போலத்தான் நடத்தினேன். ஓம் விதி, கிர்ச்சாஃப் விதிகள், போர்டில் நாலைந்து கணக்கு, அதற்குள் மணி அடித்துவிடும். தேர்வில் கணக்குகளைச் சரியாகவே போட்டார்கள். ஆனால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில், "எரிகிற பல்புக்கு இணையாக இன்னொரு பல்பைச் சேர்த்தால் முதல் பல்பு என்ன ஆகும்?" என்று கேட்டால் பாதிக்கு மேல் "மங்கிடும் மேம்" என்றார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பிள்ளைகளும் அதையே சொன்னார்கள். அது என்னை நிறையவே வாட்டியது.

பல்பு வாங்கிய கேள்வி இதுதான். ஐந்தும் ஒரே மாதிரி பல்புகள். ஒரே அளவு மின்னழுத்தம் தரும் மூன்று சப்ளைகள். முதல் சப்ளையில் 'அ' மட்டும் தனியாக. இரண்டாவதில் 'ஆ', 'இ' இரண்டும் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக. மூன்றாவதில் 'ஈ', 'உ' இரண்டும் இணையாக. வெளிச்சத்தின்படி வரிசைப்படுத்துங்கள். கணக்கே போட வேண்டாம்.

இது என் சொந்தக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிலியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் வருவது. கால்குலஸோடு இயற்பியல் படித்த கல்லூரி மாணவர்களிலேயே சுமார் 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். மற்றவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இடறினார்கள். முதலாவது, பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும், பல்புகள் அதைப் பங்கு போட்டுக்கொள்ளும் என்ற எண்ணம். இரண்டாவது, முதல் பல்பு கரண்டைத் தின்றுவிடும், மிச்சம்தான் அடுத்த பல்புக்குப் போகும் என்ற எண்ணம். என் வகுப்பிலும் இதே இரண்டு எண்ணங்கள்தான் முளைக்கின்றன.

சரி, வகுப்பில் நடப்பதைச் சொல்கிறேன். கேள்வியையும் நான்கு விடைகளையும் போர்டில் போட்டுவிட்டு ஒரு நிமிடம் அமைதி. யாரும் யாரோடும் பேசக் கூடாது. அவற்றில் ஒன்றை மனதில் முடிவு செய்து, கையை நெஞ்சோடு ஒட்டிவைத்து விரலைக் காட்ட வேண்டும். பின்னால் இருப்பவர் கண்ணில் படாது, எனக்கு மட்டும் தெரியும். அடுத்தது, பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தேடிப் பிடித்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேசி முடித்ததும் மறுபடி விரல். அதற்கு அப்புறம்தான் பல்பை எரியவைப்பேன்.

அந்த இரண்டு நிமிடத்தில் நான் பெஞ்சுகளுக்கு நடுவே நடப்பேன். பாடம் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. ஆனால் இந்தப் பேச்சு கன்னடத்தில் நடக்கும், தெலுங்கில் நடக்கும், கடைசி பெஞ்சில் இந்தியில் நடக்கும். ஜன்னல் ஓரம் இரண்டு தமிழ்ப் பையன்கள். ஒருவன் ஓசூர்ப் பக்கம், இன்னொருவன் அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவன்.

"மொதல் பல்பு கரண்ட்டை எடுத்துக்கும்டா. மிச்சம்தான் இதுக்கு வரும்."

"எடுத்துக்கிட்டா அது எங்கடா போகும்? உள்ள போனது வெளிய வந்துதானே ஆகணும், பைப்புல தண்ணி மாதிரி."

"அப்ப எதுதான்டா தீருது? பேட்டரி தீருதில்ல?"

இந்தக் கடைசிக் கேள்விக்காக நான் எத்தனை வருடம் காத்திருந்தேன்! மின்னோட்டம் தீருவதில்லை. பல்புக்குள் போகும் மின்னூட்டம் (சார்ஜ்) முழுதும் மறுபக்கம் வெளியே வருகிறது. வழியில் அது விட்டுச்செல்வது ஆற்றலை. அதுதான் ஒளியாகவும் வெப்பமாகவும் போகிறது. நான் பலமுறை போர்டில் எழுதிய வாக்கியம்தான் இது. ஆனால் கேள்வி எழாதவனுக்கு விடை கொடுத்தால் அவன் அதைக் குறித்துக்கொள்வானே தவிர, மனதில் எங்கே வைப்பது என்று தெரியாது.

இனி விடை. சப்ளை மாறாமல் வைத்திருப்பது மின்னழுத்தத்தை, மின்னோட்டத்தை அல்ல. தனியாக இருக்கும் 'அ'வுக்கு முழு மின்னழுத்தம் கிடைக்கிறது. இணையாக இருக்கும் 'ஈ', 'உ' ஒவ்வொன்றுக்கும் அதே முழு மின்னழுத்தம். தொடரில் இருக்கும் 'ஆ', 'இ' அதைப் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்கின்றன. ஆகவே அ, ஈ, உ மூன்றும் ஒரே வெளிச்சம். ஆ, இ இரண்டும் ஒரே அளவு மங்கல். இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று. டார்ச் செல் வேண்டாம், லேப் பவர் சப்ளையே சரி. செல்லுக்கு உள்ளேயும் மின்தடை இருப்பதால் இரண்டு பல்பை இணைத்ததும் அதன் மின்னழுத்தம் சற்றே இறங்கி, 'ஈ'யும் 'உ'வும் கொஞ்சம் மங்கும். தவறான எண்ணமே சரி என்பதுபோல் காட்டிவிடும். முதல் தடவை எனக்கு அப்படித்தான் ஆனது. எல்.இ.டி.யும் உதவாது, பாதி மின்னழுத்தத்தில் அது எரியாமலே போகலாம்.

விரல் காட்டி, பேசி, மறுபடி விரல் காட்டும் இந்த முறையை 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் ஹார்வர்டு இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர். முதல் சுற்றில் சரியான விடை சுமார் 30-லிருந்து 70 சதவீதத்துக்குள் இருந்தால் பேச விடலாம் என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. அதற்குக் கீழே இருந்தால் பேசவும் சரக்கு இல்லை, ஆசிரியர்தான் மறுபடி விளக்க வேண்டும். மேலே இருந்தால் அடுத்ததற்குப் போய்விடலாம்.

கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் விடையை மாற்றிக்கொள்கிறார்கள், அவ்வளவுதானே? எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மிஷெல் ஸ்மித்தும் சகாக்களும் ஒரு மரபியல் வகுப்பில் இதைச் சோதித்து 2009-இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பேசி முடித்த பிறகு, அதே கருத்தை வேறு வடிவில் கேட்கும் இன்னொரு கேள்வியைக் கொடுத்தார்கள். இம்முறை பேச்சு கிடையாது, தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். காப்பி அடித்தவன் இங்கே மாட்டிக்கொள்வான். ஆனால் மாணவர்கள் முதல் தடவையைவிட நன்றாகச் செய்தார்கள். தொடக்கத்தில் யாருக்குமே விடை தெரியாத குழுக்களிலும் முன்னேற்றம் இருந்தது. பேசும்போதே புரிதல் உருவாகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக அழகான சான்று இது.

ஏன் அப்படி? விரலைக் காட்டிவிட்டால் ஒரு பக்கம் நின்றுவிட்டோம் என்று அர்த்தம். அடுத்தவரிடம் காரணம் சொல்லும்போது நம் எண்ணத்தில் எங்கே ஓட்டை என்று நம் காதிலேயே விழும். நேற்றுப் புரிந்துகொண்டவனுக்குத் தான் எங்கே தடுமாறினான் என்பது நினைவிருக்கும். இருபது வருடமாகத் தெரிந்த எனக்கு அது மறந்துபோயிற்று. மொழியும் சேர்கிறது. "கரண்டைத் தின்னுடும்" என்ற எண்ணம் அவன் மனதில் தமிழில்தான் இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் அசைப்பது கடினம். வகுப்பில் தாய்மொழிப் பேச்சைத் தடுக்கிற கல்லூரிகள் இதை யோசிக்க வேண்டும்.

இது ஒரு வகுப்பின் கதை மட்டுமல்ல. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களைச் செயலில் இறக்கிய வகுப்புகளில் அது சுமார் 22. நம் நாட்டிலும் மும்பை ஐஐடியின் பெரிய முதலாண்டு கணினி நிரலாக்க வகுப்பில் 'தனியே யோசி, ஜோடியாகப் பேசு, எல்லோரிடமும் சொல்' என்ற முறையை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டார்கள். சராசரியாக 83 சதவீதம் பேர் ஈடுபாட்டோடு இருந்தார்கள்.

இவ்வளவு இருந்தும், இந்த முறையைத் தொடங்கிய முதல் வருடக் கருத்துப் படிவத்தில், "மேம் பாடமே நடத்துவதில்லை, எங்களையே பேசச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். வருத்தமாக இருந்தது. பின்னால்தான் 2019-இல் ஹார்வர்டில் லூயி டெஸ்லோரியே குழு செய்த ஆய்வைப் படித்தேன். ஒரே பாடம், ஒரே கையேடு. ஒரு பிரிவுக்குத் தேர்ந்த விரிவுரை, இன்னொன்றுக்கு மாணவர்களே முட்டி மோதிச் செய்யும் வகுப்பு. தேர்வில் இரண்டாம் பிரிவு அதிகம் எடுத்தது. ஆனால் "நிறையக் கற்றோம்" என்று உணர்ந்தது முதல் பிரிவுதான்! சரளமான பேச்சைக் கேட்டால் எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். முட்டும்போது புரியாததுபோல் இருக்கும். இப்போது முதல் நாளே இந்த முடிவைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிடுகிறேன். புகார் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். மாணவரை மையப்படுத்துவது என்றால் அவர்களைத் தனியே விட்டுவிடுவது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். புதிதாகக் கற்பவரின் மனம் ஒரே நேரத்தில் சுமார் நான்கு விஷயங்களைத்தான் தாங்கும். வழிகாட்டாமல் பெரிய ப்ராஜெக்டைத் தலையில் கட்டினால் அவர்கள் திணறி, கடைசி வாரத்தில் ரெடிமேடாக ஒன்றை வாங்கிவந்து வைப்பார்கள். நானே மதிப்பெண் போட்டிருக்கிறேன். கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி உளவியலாளர்கள் மூவரும் 2006-இல் இதைத்தான் கடுமையாக எச்சரித்தார்கள். பொறியியல் படிப்புகளை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்ள வகைசெய்யும் வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினர் ஆனது முதல், மாணவர் என்ன செய்யக் கற்றார் என்று காட்டும் கோப்புகள் எங்கள் அலமாரியில் குவிகின்றன. அந்தக் கோப்புக்குச் செலவாகும் மணிகளில் நல்ல கேள்விகளை யோசித்திருக்கலாம் என்று பலமுறை ஏங்கியிருக்கிறேன். ஒரு நல்ல கேள்வி தயாராக எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆகிறது.

அன்று பல்புகள் எரிந்தபோது வகுப்பில் ஒரு பெரிய "ஓ!" எழுந்தது. மணி அடித்துப் பிள்ளைகள் போன பிறகும் அந்த இரண்டு பையன்கள் மேசையருகே நின்றார்கள். ஓசூர்ப் பையன் 'உ' பல்பைக் கழற்றக் கையை நீட்டினான். மற்றவன் சட்டென்று அந்தக் கையைப் பிடித்தான்.

"இரு இரு. மொதல்ல நீ சொல்லு, அப்ப இந்த 'ஈ' எரியுமா எரியாதா?"