பொருண்மை மாற்றம்: ‘பொருள்’ தரும் தொல்லை

திருப்பலியில் அப்பமும் திராட்சை இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன என்பது கத்தோலிக்க நம்பிக்கை. இந்த மாற்றத்துக்கு இலத்தீனில் ‘டிரான்சுப்ஸ்தான்சியாசியோ’ என்று பெயர். ‘சுப்ஸ்தான்சியா’ என்றால் அடியில் நிற்பது. நிறத்தையும் மணத்தையும் சுவையையும் தாங்கி அடியில் நிற்கிறதே, அது மட்டும் மாறுகிறது. கண்ணுக்கும் நாவுக்கும் எட்டுபவை அப்படியே இருக்கின்றன.

இடைக்கால இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஆக்கிய சொல் இது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர் பிறப்பதற்கு முன்பே, 1215இல், திருச்சபை ஆயர்கள் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் இச்சொல்லைப் பயன்படுத்திவிட்டது. அக்குவினாஸ் அரிஸ்டாட்டிலின் பொருள், குணம் என்ற பாகுபாட்டைக் கொண்டு இதை விளக்கினார்: அடியில் நிற்பது பொருள், அது தாங்கும் நிறமும் சுவையும் குணம். விளக்கும்போதே அரிஸ்டாட்டிலை மீறினார். தாங்கும் பொருளின்றிக் குணம் நிற்காது என்பது கிரேக்கர் கணக்கு. இறைவல்லமையால் நிற்கும் என்றார் இவர்.

1551இல் திரெந்து பொதுச்சங்கம் சொல்லை ஏற்றது. ஆனால் ‘குணம்’ என்ற தத்துவக் கலைச்சொல்லை விடுத்து, ‘தோற்றம்’ என்ற பொதுச்சொல்லை எழுதியது. நம்பிக்கையை ஒரே தத்துவப் பள்ளியோடு கட்டிப்போடாத கவனம் அது என்பது என் வாசிப்பு. திருச்சபையின் போதனைத் தொகுப்பான 1992இன் மறைக்கல்வி ஏடும் திரெந்தின் வாசகத்தையே எடுத்தாள்கிறது. நம்முடைய பழைய ஞானோபதேசத் (மறைக்கல்வி நூல்) தமிழோ ‘அப்ப இரச குணங்கள்’ என்று துணிந்து சொன்னது!

தமிழாக்கத்தில்தான் சிக்கல். ‘பொருள் மாற்றம்’ என்றால் அர்த்தம் மாறுகிறது என்றும் படிக்கலாம். 1960களில் சில இறையியலாளர்கள் ஏறத்தாழ அதைத்தான் சொன்னார்கள்: மாறுவது அப்பத்தின் அர்த்தமும் நோக்கமும் என்று. அது மட்டும் போதாது, உள்ளதே மாறுவதால்தான் அர்த்தமும் மாறுகிறது என்று 1965 செப்டம்பரில் திருத்தந்தை ஆறாம் பவுல் சுற்றுமடல் எழுதினார். அவர் மறுத்த கருத்தை நம் சொல் தானாகவே சொல்லிவிடுகிறது. ‘உட்பொருள்’ என்றாலும் இதே கதை. ‘மெய்ப்பொருள்’ என்றால் உடல், உண்மை இரண்டும் கிடைக்கும். ஆனால் தமிழில் அது இறைவனையே குறிக்கும், இறைவன் மாறுவதில்லை.

எனவே ‘பொருண்மை மாற்றம்’ என்பதையே தேர்கிறேன். பொருண்மை என்றால் நிறை அல்லவா என்று இயற்பியல் மாணவர் கேட்கலாம். தராசில் வைத்தால் அப்பம் முன்போலவேதான் நிறுக்கும். அக்குவினாஸின் கணக்கில் அளவும் ஒரு குணமே, எனவே அது மாறுவதில்லை.