கப்பலை இழுக்கும் தண்ணீர்

2017 ஆகஸ்ட் 21 அதிகாலையில் சிங்கப்பூருக்குக் கிழக்கே ‘ஜான் எஸ். மெக்கெய்ன்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலும் ‘அல்னிக் எம்சி’ என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. போர்க்கப்பலில் இருந்த 10 மாலுமிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூன் 17-ல்தான் ஜப்பான் அருகே ‘ஃபிட்ஸ்ஜெரால்ட்’ என்ற இன்னொரு அமெரிக்கப் போர்க்கப்பல் ஒரு சரக்குக் கப்பலோடு மோதி 7 பேரைப் பறிகொடுத்திருந்தது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிங்கப்பூரில் உறவு இல்லாத வீதியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இந்தச் செய்தி நம் வீட்டு முகப்புவரை வந்தது. “அம்புட்டுப் பெரிய கடல்ல, ராடார் வச்ச கப்பல் எப்படிப்பா போயி முட்டும்?” நியாயமான கேள்வி.

மெக்கெய்ன் விஷயத்தில் விசாரணை சொன்ன பதில், கட்டுப்பாட்டுக் குழப்பம். நெரிசலான கடல்வழியில், தொடுதிரை வழியாக இன்ஜின் கட்டுப்பாட்டை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு மாற்றினார்கள். கப்பலைத் தள்ளும் இரண்டு சுழலிகளின் வேகமும் சேர்ந்து குறையும் என்று நினைத்தபோது ஒரு பக்கச் சுழலி மட்டும் வேகம் குறைந்தது. கப்பல் இடப்பக்கம் திரும்பி எண்ணெய்க் கப்பலின் குறுக்கே போய் நின்றது. சுக்கான் பழுது என்று நம்பியவர்களுக்கு நிலைமை புரிவதற்குள் காலம் கடந்துவிட்டது.

மனிதத் தவறு என்று சொல்லி இதோடு பலர் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எல்லாரும் விழித்திருந்து, எல்லாக் கருவியும் சரியாக இருந்தாலும், ஆழம் குறைந்த இடத்திலும் நெருக்கமான இடத்திலும் தண்ணீரே கப்பலைப் பிடித்து இழுக்கும். மாலுமிக்கு அது தெரியாவிட்டால் மற்ற கவனமெல்லாம் போதாது.

கப்பல் முன்னே போகும்போது, அது ஒதுக்கித் தள்ளும் நீர் பின்பக்கம் போய்ச் சேர வேண்டும். ஆழ்கடலில் அதற்கு வேண்டிய இடம் உண்டு. ஆழமில்லாத இடத்திலோ கப்பலின் அடிக்கும் தரைக்கும் நடுவே உள்ள இடுக்கில்தான் புகுந்து போக வேண்டும். கண்மாயில் அசையாமல் கிடக்கும் நீர் மடைவாய்க்கு வந்ததும் எப்படிப் பாய்கிறதோ, அப்படி அந்த இடுக்கில் நீர் வேகமெடுக்கும். ஓடும் நீரின் வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறையும். 1738-ல் வெளிவந்த தன் நூலில் அறிவியலாளர் பெர்னூலி விளக்கிய உறவு இது. அடியில் தாங்கும் அழுத்தம் குறைந்ததும் கப்பல் இன்னும் கீழே இறங்குகிறது. மாலுமிகள் இதை ஸ்குவாட் என்பார்கள்.

எவ்வளவு இறங்கும்? பாரஸ் என்பவர் தந்த எளிய கணக்கு ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. வேகத்தை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவில் எடுத்து வர்க்கப்படுத்தி, கப்பலின் பருமனைக் குறிக்கும் எண்ணால் பெருக்கி, 100-ஆல் வகுத்தால் விடை மீட்டரில் வரும். எண்ணெய்க் கப்பலுக்கு அந்த எண் சுமார் 0.8. அப்படியானால் 6 நாட் வேகத்தில் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், 12 நாட் வேகத்தில் 1.15 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் இறக்கம் நான்கு மடங்கு. குறுகிய கால்வாயில் இதுவும் இரட்டிக்கும்.

1992 ஆகஸ்ட் 7-ல் ‘குவீன் எலிசபெத் 2’ பயணிகள் கப்பல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையோரம் தரை தட்டியது இப்படித்தான். நீருக்குள் அது மூழ்கியிருந்தது 32 அடி. வரைபடம் காட்டிய ஆழம் 39 அடி. ஏழு அடி மிச்சம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில், 24 நாட்-க்கும் மேலான வேகத்தில் போனார்கள். கப்பல் அவர்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக இறங்கியது. 1939-ல் அளந்த அந்த வரைபடத்தில் இல்லாத பாறைகளும் அடியில் இருந்தன.

நமக்குப் பக்கத்துக் கடலான தொண்டியையும் சேர்த்து, பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 10 மீட்டரை ஒட்டிய ஆழம்தான். பெரிய கப்பல்கள் அங்கே ஏன் வருவதில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நம் ஐயாமார் மலேயாவுக்குப் போன ‘ரஜூலா’கூட நாகப்பட்டினத்தில் கரையை விட்டுத் தள்ளித்தான் நங்கூரமிட்டு நிற்கும். பெட்டி படுக்கையோடு படகில் போய் ஏறுவார்கள்.

இதே இழுப்பு பக்கவாட்டிலும் உண்டு. 1911 செப்டம்பர் 20-ல் இங்கிலாந்தின் சோலன்ட் நீரிணையில் ‘ஒலிம்பிக்’ என்ற 45,000 டன் பயணிகள் கப்பலும் ‘ஹாக்’ என்ற போர்க்கப்பலும் பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. இரண்டு உடல்களுக்கும் நடுவே நீர் வேகமெடுத்து அழுத்தம் விழ, ஹாக் திடீரெனத் திரும்பி ஒலிம்பிக்கின் பின்பகுதியைத் தன் முகப்பால் குத்தியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பெரிய கப்பல் பக்கத்துக் கப்பலை உறிஞ்சி இழுக்கும் என்ற வாதம் அந்த வழக்கில் நீதிமன்றம்வரை போனது.

அனுபவப்பட்ட மாலுமிக்குக் கடல் முன்கூட்டியே சொல்லிவிடும். இன்ஜின் சுழற்சி குறையும், கப்பல் முழுக்க அதிர்வு தெரியும், சுக்கான் சொன்னபடி கேட்காது, பின்னால் விடும் நீர்த்தடத்தில் சேறு கலங்கி வரும். திரும்புவதற்கு வேண்டிய வட்டம் ஆழ்கடலில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிடும். அப்போது செய்ய வேண்டியது வேகத்தைக் குறைப்பது, அதுவும் படிப்படியாக. சட்டென இன்ஜினை நிறுத்தினால் சுக்கான்மேல் பாயும் நீர் குறைந்து, கப்பல் திசை பிடிக்காமல் போகும்.