போனவர் பெயரில் வருகிறவர்

புது சிம் போட்ட அன்றே, ‘அண்ணே, பணம் போட்டுட்டேன், பாருங்க’ என்று முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து செய்தி வரும். பலருக்கு இந்த அனுபவம் உண்டு. சிம்தான் புதிது, எண் யாரோ விட்டுப்போனது. பயனர் பெயர்களுக்கும் இதேதான் நடக்கிறது.

எக்ஸ்எம்பிபி போன்ற, யார் வேண்டுமானாலும் சொந்தமாக சர்வர் நடத்தக்கூடிய திறந்த செய்திச் சேவையை எடுத்துக்கொள்வோம். அங்கே பயனர் பெயரும் சர்வர் பெயரும் சேர்ந்ததுதான் ஒருவரின் முகவரி. கவிதா என்பவர் நாலு வருடமாக எட்டிப் பார்க்கவில்லை. நிர்வாகி அவர் கணக்கை நீக்குகிறார். கடவுச்சொல், தொடர்புப் பட்டியல், சேமித்த செய்திகள் எல்லாம் போய்விடும். ஆனால் வேறு சர்வரில் இருக்கும் தோழியின் பட்டியலில் கவிதா அப்படியே இருப்பார். ஏதோ ஒரு குழுவில் அவருக்குக் கொடுத்திருந்த நிர்வாக உரிமையும் அந்த முகவரியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் வேறொருவர் அதே பெயரைப் பதிந்தால்? தோழி எழுதுவது அவருக்குப் போகும். குழுவின் சாவியும் அவர் கைக்குப் போய்விடும். அவர் எதையும் உடைக்கவில்லை, திருடவில்லை. பெயர் காலியாக இருந்தது, எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

2013இல் யாகூ, ஒரு வருடமாகத் தொடாத கணக்குகளின் பெயர்களை மற்றவர்களுக்குக் கொடுத்தது. வாங்கியவர்கள் சிலருக்குப் பழைய ஆளின் சொந்தக் கடிதங்கள் வந்து விழுந்தன. அதற்கு மருந்தாக யாகூ, பேஸ்புக் பொறியாளர்கள் ஒரு நெறிமுறை எழுதினார்கள். இணைய நெறிமுறைகளை வெளியிடும் ஆர்எப்சி ஆவண வரிசையில் 2014இல் 7293ஆம் எண்ணோடு அது வெளியானது. யோசனை அழகானது. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு போன்ற மடலை அனுப்பும்போது கூடவே ஒரு தேதியும் போகும்: ‘இந்த முகவரிக்காரரை எனக்கு இந்தத் தேதியிலிருந்து தெரியும். இன்றும் அதே ஆள்தானா?’ இடையில் ஆள் மாறியிருந்தால், பெறும் சர்வர் மடலை வாங்காமல் திருப்பிவிடும். ஆனால் இரண்டு பக்கமும் இந்த நெறிமுறை தெரிந்திருந்தால்தான் இது நடக்கும்.

இதைவிட எளிய வழி, பெயரைத் திருப்பித் தராமலே இருப்பது. நீக்கிய ஜிமெயில் முகவரியை கூகுள் வேறு யாருக்கும் தருவதில்லை. எக்ஸ்எம்பிபி சர்வர் மென்பொருளான ப்ராசடியில் இதற்கென்றே ‘டூம்ஸ்டோன்’ என்று ஒரு கூறு இருக்கிறது. கல்லறைக் கல் என்று அர்த்தம். தரவையெல்லாம் துடைத்த பிறகும், இந்தப் பெயரில் ஒருவர் இருந்தார் என்ற குறிப்பு மட்டும் நிற்கும். அது நிற்கும்வரை அந்தப் பெயரை வேறு யாரும் பதிய முடியாது. சில பைட்டுகள்தான் செலவு. இடத்தை மிச்சப்படுத்தத்தான் பழைய கணக்குகளை நீக்குகிறோம் என்றால், பெயரை விடுவிக்க அது காரணமே ஆகாது.

தொலைபேசி எண்ணை அப்படி நிரந்தரமாக ஓய்வெடுக்க வைக்க முடியாது. பத்து இலக்கத்துக்குள் எண்களுக்கு ஓர் அளவு உண்டு. இந்தியாவில் துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் அடுத்தவருக்குத் தருகிறார்கள். அந்த 90 நாளும் கணக்குகளை மாற்ற வசதிப்படாது, ஏனென்றால் ஓடிபி அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும். சிம்மைக் கழற்றிப் போடும் முன்பே வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் மூன்றிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.