வற்றல்: எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது

வற்று என்ற வினையோடு ‘அல்’ சேர்ந்து வந்தது வற்றல். பேச்சில் வத்தல், காற்று காத்தாவது போலத்தான். வறள், வறட்சி இதன் உறவுகள். கன்னடத்தில் பத்து, மலையாளத்தில் வற்றுக.

உலர்வது, காய்வது, வற்றுவது மூன்றும் ஒன்றல்ல. துணி உலரும், ஏனென்றால் ஈரம் மேலே இருக்கிறது. காய்வதற்குச் சூடு வேண்டும். வற்றுவதோ உள்ளிருக்கும் நீர் குறைவது: கிணறு வற்றும், குழம்பு வற்றும், மாட்டுக்குப் பால் வற்றும். துணி வற்றியது என்று யாரும் சொல்வதில்லை. ‘வற்றல் மரந்தளிர்த் தற்று’ என்கிறது குறள் (78). உயிர்நீர் போன மரம் அது.

ஆகவே கத்தரி, சுண்டை, மணத்தக்காளி, மிளகாய் எல்லாம் வற்றலாகும். மாவைக் கூழாகக் கிண்டிப் பிழிந்து காயவைப்பது வடகம். தென்மாவட்டங்களில் அதையும் கூழ்வத்தல் என்பார்கள். வழக்கு ஊன்றிவிட்டது, திருத்தப் போகவேண்டாம். மீன் கருவாடு, இஞ்சி சுக்கு, இலை சருகு. இவற்றுக்குத் தனிப்பெயர் இருக்க வற்றல் எதற்கு? மிளகாய் வற்றலை ஈழத்தில் செத்தல் மிளகாய் என்பர்.

சுண்டைக்காய் வற்றலில் சொல்லின் பொருளை அப்படியே பார்க்கலாம். அரைக் கிலோ காயைக் காம்பு நீக்கி, லேசாகத் தட்டி, அரை லிட்டர் புளித்த மோரும் ஒரு கைப்பிடி உப்பும் கலந்து இரவு முழுக்க ஊறவிட வேண்டும். பகலில் வெயில், இரவில் மீண்டும் அதே மோர். மோர் தீர்ந்தபின் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். தட்டாமல் போட்டால் தோல் மட்டும் காயும், உள்ளே நீர் தங்கும், டப்பாவில் பூஞ்சை பூக்கும். உலர்ந்திருக்கும், வற்றியிருக்காது.

மிளகாயைக் காம்போடு காயவைப்பது நல்லது. கிள்ளினால் விதை சிந்தும், அந்த வாய்வழி ஈரமும் ஏறும். குலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். ஈரப்பதம் 11 சதவீதத்தைத் தாண்டினால் மூட்டை கட்டாதீர்கள்.

காய்கறிப் பொட்டலங்களில் இப்போது ‘டிஹைட்ரேட்டட்’ என்று அச்சிடுகிறார்கள். ‘நீரகற்றப்பட்ட’ என்று மொழிபெயர்ப்பது வீண் சுற்று. வெண்டைக்காய்க்கு ‘வெண்டை வற்றல்’ போதும். பால்மாவுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே ‘பொடி’ என்பதே சரி.